அளந்தவர் கண்டது என்ன?



வசதி குறைந்த நாடுகளில் பாடசாலையோ வைத்தியசாலையோ அமைக்கத் தரும நிறுவனங்கள் பணம் சேர்க்கும்போது நம்மிற் பலர் மனமுவந்து கொடுக்கிறோம். கட்டடத்தின் படத்தைப் பார்க்கிறோம். எத்தனை பிள்ளைகள் படிப்பார்கள் என்று விசாரிக்கிறோம். அந்தக் காணியை அளந்தவர் அங்கே எதைக் கண்டார் என்று மட்டும் கேட்பதில்லை.

கட்டட வேலையின் முதற்படி நில அளவை. இதற்காகப் பொறியியலாளரும் நில அளவையாளரும் தமது விடுமுறையிலே, சம்பளமின்றி, ஓரிரு வாரங்கள் சென்று வருவதுண்டு. எல்லை, மேடு பள்ளம், மழைநீர் ஓடும் திசை, கிணறு, மரங்கள் ஆகியவற்றை அளந்து படமாக்குவது அவர்கள் பணி. மலசலகூடக் குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 30 மீற்றராவது தள்ளி இருக்க வேண்டும் என்பது பொது விதி. சரிவான நிலத்தில் அது கிணற்றுக்கு மேற்புறம் அமையவும் கூடாது. உயரத்தை அளப்பதில் பிழை நேர்ந்தால் ஊரே நோயுறலாம். இந்தப் பொறுப்பை எவரும் மறுப்பதில்லை. அந்தக் காணியில் குடியிருப்போருக்கும் அளப்பவர் பொறுப்புடையவரா என்பதே இங்கு எழும் கேள்வி.

உகண்டாவை எடுத்துக்கொள்வோம். 1900ஆம் ஆண்டில் பிரித்தானியர் புகண்டா இராச்சியத்துடன் செய்த உடன்படிக்கையால், நிலத்தின் ஒரு பெரும் பகுதி சதுர மைல் கணக்கில் அரசருக்கும் தலைவர்களுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டது. 'மைல்' என்ற சொல்லே திரிந்து அந்நிலத்துக்கு 'மைலோ' என்ற பெயர் வந்தது. அதிலே பயிர் செய்து வந்தவர்கள் பிறர் காணியின் குடிகளானார்கள். அவர்கள் வைத்திருக்கும் துண்டு 'கிபஞ்சா' எனப்படும். 1995ஆம் ஆண்டு அரசியலமைப்பு நடைமுறைக்கு வருமுன் 12 ஆண்டுகளோ அதற்கு மேலோ எதிர்ப்பின்றி இருந்தோரின் உரிமையை 1998ஆம் ஆண்டுக் காணிச் சட்டம் ஏற்றுக்கொண்டது. ஆகவே உறுதியில் ஒருவர் பெயரும் மண்ணில் இன்னொருவர் தோட்டமும் இருப்பது அங்கே புதுமையன்று.

தரும நிறுவனம் ஒன்று உறுதிக்காரரிடம் காணி வாங்குகிறது என வைத்துக்கொள்வோம். அளக்கச் சென்றவர் அங்கே வாழையையும் கோப்பியையும் இரண்டு கல்லறைகளையும் காண்கிறார். எல்லையில் கல் இல்லை. டிரசீனாச் செடிகள் வரிசையாக நிற்கின்றன. கிழக்காபிரிக்காவின் பல பகுதிகளில் அச்செடியே எல்லைக்குறி. யாழ்ப்பாணத்தில் கதியால் நட்டு வேலியடைத்து வாழ்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. இரவோடிரவாக ஒரு கதியால் நகர்ந்தால் இரண்டு குடும்பங்கள் எத்தனை ஆண்டு பேசாமலிருக்கும் என்பது நமக்குத் தெரியும்.

"எனக்குத் தந்த வேலை அளப்பது; உரிமையைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை" என்று அவர் சொல்லலாம். அதில் நியாயம் உண்டு. மொழி தெரியாத விருந்தாளி இரண்டு வாரத்தில் வழக்குத் தீர்க்கப் புறப்படுவது தகாது. பாடசாலை தாமதமானால் பிள்ளைகளுக்கும் நட்டமே.

ஆனால் தீர்ப்புச் சொல்வது வேறு, கண்டதைப் படத்தில் இடுவது வேறு. தோட்டத்தையும் கல்லறையையும் விட்டுவிட்டு வரைந்த படம், வெளிநாட்டு மேசையொன்றில் விரிக்கப்படும்போது வெறுங்காணியாகவே தெரியும். அதைப் பார்த்துக் கையொப்பமிடுவோர் எவரையும் விரட்ட நினைக்காத நல்லவர்கள். இருந்தும் அந்தக் கையொப்பம் ஒரு குடும்பத்தைத் தெருவில் விடக்கூடும். அயலவரோடும் ஊர்ச் சபைத் தலைவரோடும் எல்லையை நடந்து பார்ப்பதும், தோட்டஞ் செய்யும் பெண்களிடம் கேட்டறிவதும், கண்டதைக் கண்டபடி வரைவதும் அளவையாளரின் தொழிலுக்குள் அடங்கியவையே.

மிகுதிப் பொறுப்பு கொடுப்போராகிய நம்முடையது. அடுத்த ஆண்டுக்குள் கட்டடத்தின் படம் வேண்டும் என்று நாம் அவசரப்படுத்தினால், களத்தில் நிற்பவருக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும். இனி நன்கொடை கேட்டு வருவோரிடம் இரண்டு கேள்விகள் கேட்போம். அந்தக் காணியில் யார் இருக்கிறார்கள்? அவர்கள் சம்மதித்து, உரிய ஈடு பெற்றார்களா? பதில் வர ஓராண்டு சென்றாலும் பொறுத்திருப்போம். அந்தப் பொறுமையும் நமது தருமத்தில் ஒரு பங்குதான்.