கணனி இல்லை என்று இனிச் சொல்லாதே

நல்ல லேப்டாப் இல்லை என்று சொல்லாதே தம்பி. தங்கச்சி, நீயும்தான். திருகோணமலை இறக்கக்கண்டியில் இருந்துகொண்டு என்னத்தைக் கிழிப்பாய் என்று கேட்பவனுக்குப் பதில் சொல்லி நேரத்தைத் தொலைக்காதே. வீட்டு மூலையில் கிடக்கும் அந்தப் பழைய மடிகணனியை எடு. பிரவுசர் திறக்கிறதா? போதும்.

அது ஆமை வேகத்தில் எழும்பினால் எழும்பட்டும். உன் புரோகிராம் ஓடப்போவது அதில் இல்லை. கடல் தாண்டி எங்கோ ஒரு டேட்டா சென்டரில் இரண்டு கோர், 8 ஜிபி நினைவகத்தோடு ஒரு லினக்ஸ் கணனியை கிட்ஹப் என்ற இணையத்தளம் உனக்கு ஒதுக்கித் தருகிறது. அதற்குப் பெயர் கோட்ஸ்பேஸஸ். 2022 நவம்பரிலிருந்து தனியாட்களுக்கும் மாதம் 60 மணிநேரம் இலவசம். நாளுக்கு இரண்டு மணிநேரம்! டிக்டொக்கில் நீ கரைப்பது அதைவிடக் கூட, கோபிக்காதே.

கிட்ஹப்பில் கணக்குத் திற. உன் கோப்புகளை வைக்க ஒரு ரெபோசிட்டரி உருவாக்கு, ரீட்மீ கோப்பும் வேண்டும் என்று குறியிடு. பச்சை நிறத்தில் 'கோட்' பொத்தான் தெரியும். அதை அழுத்தி, கோட்ஸ்பேஸஸ் பக்கத்துக்குப் போய், புதிதாக ஒன்றை உருவாக்கச் சொல்லு. கொஞ்சம் பொறு. விஎஸ் கோட் என்ற எடிட்டர் பிரவுசருக்குள்ளேயே விரியும், கீழே டெர்மினல் நிற்கும். பைதான் என்ற நிரல்மொழி ஏற்கெனவே அங்கே இருக்கிறது. இன்னும் ஏதாவது நிறுவ வேண்டுமானால் 'பிப்' கட்டளை கொடு. அந்தப் பதிவிறக்கம் முழுக்க டேட்டா சென்டரின் இணைப்பில் நடக்கிறது, உன் டேட்டா கார்ட் கரைவதில்லை. ரீலோட் போட்டுப் படிக்கிற பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உதவி வேறென்ன? கரண்ட் போனாலும் எழுதியது அங்கேயே கிடக்கும். போனில் செய்யலாமா என்றால் செய்யலாம், விரல் நோகும்.

'ஹலோ வேர்ல்ட்' எழுதி ஸ்கிரீன்ஷாட் போட்டுவிட்டு நின்றுவிடாதே. வாப்பாவின் போட் கணக்கை எழுது. சூடை மீன் எத்தனை கிலோ, கிலோ என்ன விலை, மண்ணெண்ணெய் எத்தனை லீற்றர், போட் சொந்தக்காரச் சம்மாட்டிக்கு எவ்வளவு, மிச்சத்தில் ஆளுக்கு எவ்வளவு பங்கு? பைதான் 3 இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம்: விலை, செலவு, பங்கு. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது நினைவிருக்கிறதா? அந்த ஓர் எண்ணை மாற்றி ஓட்டிப் பார். எத்தனை கிலோ பிடித்தால் கடலுக்குப் போனது கட்டும் என்று திரை சொல்லும். கரைக்கு வந்து வாப்பா விரல்விட்டு எண்ணிய கணக்கு அது. அதை நீ எழுதினாய், நீ!

பிழை வரும். வரட்டும். கடைசி வரியை முதலில் வாசி, என்ன பிழை என்று அங்கேதான் இருக்கும். அதற்கு மேலே எந்த வரி என்று எண் போட்டிருக்கும். அடைப்புக்குறி ஒன்றை மறந்ததற்காக மூடிவைத்துவிட்டு எழும்புகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது.

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிறாயா? பைதான் உன் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அதற்கு மேல் படிக்கக் கொழும்புக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளி வீதியில், கோணேசபுரியில் இருக்கிறது. அங்கே கணனி விஞ்ஞானம் படிப்பிக்கிறார்கள். பல்கலைக்கழக மாணவன் என்று கிட்ஹப்பில் உறுதிப்படுத்தினால் 60 மணிநேரம் 90 ஆகும்.

எழும்பும் முன் இரண்டு வேலை. எழுதியதை 'கமிட்' செய்து ரெபோசிட்டரிக்கு 'புஷ்' பண்ணு, 30 நாள் தொடாமல் விட்ட கோட்ஸ்பேஸை அவர்கள் அழித்துவிடுவார்கள், ரெபோசிட்டரி நிற்கும். பிறகு கோட்ஸ்பேஸை நீயே நிறுத்து. பிரவுசரை மட்டும் மூடினால் அரை மணிநேரம் சும்மா ஓடி உன் கணக்கில் ஏறும். நாளைக்கு அந்தப் பங்குக் கணக்கைச் சம்மாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டு. ஐஸ் செலவை விட்டுவிட்டாய் என்று அவர் ஏசுவார். உள்ளே போய் அந்த வரியையும் சேர்.