விளக்கும் ஒளியும், கம்பியும் புலமும்

ஸ்ரீரங்கம் ரயில் நிலையத்தின் நடைமேடையில் நின்று அண்ணாந்து பார்த்தால், தண்டவாளத்துக்கு மேலே விரல் தடிமனில் ஒரு செம்புக் கம்பி ஓடுகிறது. 25,000 வோல்ட். மின்சாரத்தைத் துண்டிக்காமல் அதன் அருகே 2 மீட்டருக்குள் வேலை செய்யக் கூடாது என்பது ரயில்வே விதி. தொட வேண்டாம், நெருங்கினாலே ஆபத்து. அப்படியானால் கம்பி அந்த மெல்லிய செம்போடு முடிந்துவிடுகிறதா?

பிளஸ் டூ இயற்பியலில் முடிவிலா நீளமுள்ள, மின்னூட்டம் பெற்ற கம்பி ஒன்று வருகிறது. அதைச் சுற்றி ஓர் உருளையைக் கற்பனை செய்துகொண்டு காஸ் விதியைப் போட்டால் சில வரிகளில் விடை கிடைத்துவிடும். புள்ளி மின்னூட்டத்திலிருந்து இரு மடங்கு விலகினால் மின்புலம் கால் பங்காகக் குறையும். கம்பியிலிருந்து விலகினால் பாதியாகத்தான் குறையும். புள்ளியின் புலம் எல்லாத் திசையிலும் விரிகிறது, கம்பியின் புலமோ பக்கவாட்டில் மட்டுமே விரிகிறது. ரயில் கம்பியைத் தரைக்கு மேலே தொங்கும் ஒற்றைக் கம்பியாக வைத்துக் கணக்கிட்டால், 1 மீட்டர் தள்ளி மின்புலம் மீட்டருக்கு மூவாயிரம் வோல்ட்டுக்கு மேல் வருகிறது. மாறு மின்சாரம் என்பதால் அதன் திசை நொடிக்கு 100 முறை புரள்கிறது. கண்ணுக்கோ அங்கே வெறும் காற்றுதான்.

மாணவர்கள் சூத்திரத்தை எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் புலம் என்பது மின்னூட்டத்தின் குணமா, தனிப் பொருளா என்ற கேள்வி பாக்கி நிற்கிறது. குணம் என்றால், செம்பு இல்லாத இடத்தில் அதன் குணம் எப்படி இருக்கும்? தனிப் பொருள் என்றால், மின்னூட்டத்தை எடுத்தவுடன் அது ஏன் மறைகிறது? நடுவில் எதுவுமே இல்லாமல் ஒரு பொருள் தொலைவிலுள்ள இன்னொன்றை இழுக்கும் என்பதை ஏற்கவே முடியாது என்று 1693-இல் இறையியலாளர் பென்ட்லிக்கு எழுதிய கடிதத்தில் நியூட்டன் சொன்னார். புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகிய மைக்கேல் ஃபாரடே, காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் வரைந்த கோடுகளைப் பார்த்து, விசைக்கோடுகள் வெளியில் உண்மையாகவே இருக்கின்றன என்று வாதாடினார்.

இதே கேள்வியை, மின்சாரத்தைப் பற்றி எதுவும் அறியாத ஒருவர் ஸ்ரீரங்கத்தில் வேறொரு தேவைக்காக எடுத்து அலசியிருக்கிறார். ஆன்மாவும் அறிவு, ஆன்மாவின் குணமும் அறிவு என்பது அந்த ஒருவரான வைணவ ஆசாரியர் ராமானுஜரின் நிலைப்பாடு. ஒன்றே எப்படிப் பொருளாகவும் குணமாகவும் இருக்க முடியும் என்று எதிராளி கேட்பான். பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய ஸ்ரீபாஷ்யத்தின் முதல் சூத்திர உரையிலேயே அவர் விளக்கையும் அதன் பிரபையையும், அதாவது அதிலிருந்து பரவும் ஒளியையும், எடுத்துக்கொள்கிறார். பிரபை எப்போதும் விளக்கைச் சார்ந்தே இருப்பதால் அது குணம். ஆனால் வெண்மையைப் போன்ற குணம் அல்ல. வெண்மை துணியை விட்டு வெளியே வராது. பிரபையோ விளக்கில்லாத இடத்திலும் பரவுகிறது, அதற்கென்று நிறமும் இருக்கிறது. ஆகவே அது திரவியமும்தான், அதாவது பொருளும்தான். சுடரின் துகள்கள் உதிர்ந்து பரவுவதுதான் ஒளி என்ற வாதத்தையும் அவர் ஏற்கவில்லை. அப்படியானால் ரத்தினமும் சூரியனும் தேய்ந்து அழிந்துபோக வேண்டுமே என்கிறார்.

இங்கே அவசரப்படக் கூடாது. எல்லாம் நம் முன்னோர் அன்றே சொன்னது என்று மேடை போடுபவர்கள், சூரியன் உண்மையிலேயே தேய்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: நொடிக்கு ஏறத்தாழ 40 லட்சம் டன் நிறையை அது ஒளியாக இழக்கிறது. மாறாத மின்புலத்துக்கோ ராமானுஜர் சொன்னது அப்படியே பொருந்தும். கம்பி புலத்தைச் சுற்றிலும் தாங்கி நிற்பதால் அதன் மின்னூட்டம் ஒரு துளியும் குறைவதில்லை.

மின்னூட்டம் அசையத் தொடங்கினால் கதை மாறுகிறது. 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையத்தின் ஆன்டெனாவும் மின்னூட்டம் மேலும் கீழும் ஓடும் ஒரு கம்பிதான். அதிலிருந்து கிளம்பிவிட்ட அலை, ஒலிபரப்பை நிறுத்திய பிறகும் போய்க்கொண்டே இருக்கும், ஆற்றலைச் சுமந்தபடி. விளக்கு அணைந்தாலும் ஏற்கெனவே புறப்பட்ட ஒளி அணையாது. ஒளியும் மின்காந்தப் புலத்தின் அலையே என்று 1865-இல் மேக்ஸ்வெல் எழுதினார். ஸ்ரீரங்கத்தை ஒட்டிய திருவானைக்காவில் பிறந்த சி.வி. ராமன், ஒளி மூலக்கூறோடு ஆற்றலைக் கொடுத்து வாங்குகிறது என்பதை 1928-இல் சோதனையில் காட்டினார். கொடுக்கவும் வாங்கவும் கூடிய ஒன்றைப் பொருள் என்றுதான் சொல்ல வேண்டும். விளக்கை விட்டுப் பிரியாதது பிரபை என்ற ராமானுஜரின் முடிவை இந்த இடத்தில் இயற்பியல் ஒப்புக்கொள்ளாது.

ஆனாலும் அவருடைய அடிப்படையான வாதம் நிற்கிறது. ஒன்றைச் சார்ந்திருப்பதாலேயே அது பொருள் இல்லை என்றாகிவிடாது. புலம் குணமா பொருளா என்று இரண்டில் ஒன்றைக் கேட்பவர்களுக்கு, இரண்டும்தான் என்று நியாயத்தோடு சொல்ல அவர் வழி காட்டியிருக்கிறார். உலகமும் உயிர்களும் இறைவனைச் சார்ந்தவை, ஆயினும் பொய்யல்ல என்ற விசிஷ்டாத்வைதம் முழுவதும் இந்த நியாயத்தின் மேல்தான் எழுந்து நிற்கிறது.

திருச்சியில் இயற்பியல் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள், காஸ் விதிக் கணக்கை முடித்த கையோடு இந்த விளக்கு வாதத்துக்கும் பத்து நிமிடம் ஒதுக்கலாம். ஸ்ரீபாஷ்யக் காலட்சேபம் செய்பவர்களும் இந்தப் பகுதி வரும்போது ஃபாரடேயின் பெயரைச் சொன்னால், கேட்க வந்திருக்கும் பிளஸ் டூ மாணவன் நிமிர்ந்து உட்காருவான்.