படகு யாருக்குச் சொந்தம்?

தூத்தூர்ப் பக்கம் பழைய விசைப்படகு விலைக்கு வந்தால் என்னையும் பார்க்கச் சொல்வார்கள். பலகையைச் சுத்தியலால் தட்டுவேன். உளுத்த இடம் மந்தமாகச் சத்தம் கொடுக்கும். எஞ்சினை ஓடவிட்டுப் புகையைப் பார்ப்பேன். கறுப்பென்றால் டீசல் சரியாக எரியவில்லை, நீலமென்றால் ஆயில் எரிகிறது. ஐஸ் அறை, சுக்கான், அடியில் தேங்கும் தண்ணீர் என்று எல்லாவற்றுக்கும் விலை சொல்லிவிடலாம்.

எனக்குத் தீராத கேள்வி வேறு. பதிவுப் பத்திரத்தில் இருப்பது முதலாளியின் பெயர். ஆனால் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிஞ்சுவதைத்தான் எல்லோரும் பங்கு வைக்கிறோம். மீன் படாவிட்டால் தொழிலாளியும் வெறுங்கையோடுதான் கரையேறுகிறான். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஆழ்கடலில் இருந்தார்கள். படகு போனால் கடன் வாங்கி இன்னொன்று கட்டலாம். திரும்பி வராதவனுக்கு?

கடல் ஆண்டவருடையது என்று கோயிலில் கேட்டு வளர்ந்தவன் நான். அவருடைய கடலில் ஓடும் படகை எனது என்று சொல்ல ஒரே ஒரு நியாயம்தான் தெரிகிறது: அதில் ஏறுகிறவர்களின் உயிருக்கு நான் பொறுப்பு. வாங்க வருகிறவரிடம் அதைத்தான் சொல்கிறேன். உயிர்காப்பு ஜாக்கெட்டையும் வயர்லெஸ்ஸையும் படகின் விலையிலேயே சேருங்கள். பணம் போதாவிட்டால் பெயின்டில் குறையுங்கள்.