தெய்வத்தின் வீட்டில் குடியிருப்பவர்

மாதந்தோறும் தேவஸ்தான ஆபீஸில் வாடகையைக் கட்டி ரசீது வாங்கிச் செல்லும் ஒருவர், ரசீதில் கையெழுத்திட்ட குமாஸ்தாவுக்குக் கடன்பட்டவரா, நிர்வாக அதிகாரிக்குக் கடன்பட்டவரா, அன்றிக் கர்ப்பக்கிருகத்தில் எழுந்தருளியிருக்கும் மூர்த்திக்கே கடன்பட்டவரா என்ற கேள்வி, சட்டத்தில் தொடங்கினாலும் சட்டத்தோடு நின்றுவிடுவதன்று.

சட்டம் தன் விடையைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. கல்கத்தாவிலிருந்து வந்த ஒரு குலதெய்வ வழக்கில், 1925-இல், மூர்த்தி என்பது இங்குமங்கும் எடுத்துச் செல்லும் வெறும் உடைமையன்று, வழக்காடும் உரிமை பெற்ற ஒரு நபர் என்று பிரிவி கவுன்சில் தீர்மானித்தது. ஆயினும் அந்த நபர் தாமே பேசவோ கையெழுத்திடவோ இயலாதவராதலால், மைனரைப் போலப் பிறருடைய பாதுகாப்பில் இருப்பவராகவே நீதிமன்றங்கள் அவரைக் கருதி வந்திருக்கின்றன. சர்வலோக நாயகனை மைனர் என்பதா என்று பக்தர் மனம் துணுக்குறலாம். எனக்கோ இதில் ஆழ்ந்த பொருத்தம் தோன்றுகிறது. விடியலில் திருப்பள்ளியெழுச்சி பாடி எழுப்பி, நீராட்டி, அலங்கரித்து, அமுது படைத்து, இரவில் பள்ளியறை சேர்க்கிற நாம், அவனை நம் கையை எதிர்பார்த்திருக்கும் குழந்தையாக என்றைக்கோ ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

வீட்டுக்காரர் வலியவர், குடியிருப்பவர் எளியவர் என்ற அனுபவத்தின் மேல் எழுந்தது 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். வேண்டுமென்றே பாக்கி வைத்தல், சம்மதமின்றி உள்வாடகைக்கு விடுதல், உடைமையாளருக்குச் சொந்த உபயோகத்துக்கு வேண்டியிருத்தல் முதலான காரணங்களுள் ஒன்றையேனும் நிரூபித்தாலன்றி ஒருவரை வெளியேற்றலாகாது என்று அது காத்து நின்றது. குழந்தையே வீட்டுக்காரராக இருக்கும் இடத்தில் வலிமையும் எளிமையும் இடம் மாறிவிடுகின்றன. மதஸ்தாபனங்களின் கட்டடங்களுக்கு 1976-இல் சர்க்கார் அச்சட்டத்திலிருந்து விலக்களித்ததும், சுப்ரீம் கோர்ட் அவ்விலக்கைச் செல்லுமென்று ஏற்றதும் இதனால்தான். பாட்டனார் காலத்து வாடகையைக் கோயிலுக்குக் கட்டிவிட்டு, அதே கடையைப் பன்மடங்கு தொகைக்கு உள்வாடகைக்கு விடுகிறவர், விளக்கின் எண்ணெயையும் நைவேத்தியத்தின் அரிசியையும் அல்லவா எடுத்துக்கொள்கிறார்? அந்தச் சட்டம் நீங்கி 2019-இல் வேறொன்று அமலுக்கு வந்துவிட்டது. கேள்வி மட்டும் நீங்கவில்லை.

சிவன் சொத்து குலநாசம் என்னும் பழமொழியைக் குடியிருப்பவரை நோக்கியே சொல்லி வருகிறோம். அது தர்மகர்த்தாவையும் அதிகாரியையும் அதே அளவில் கட்டுப்படுத்துகிறது என்பதை மறந்துவிடுகிறோம். கூரை ஒழுகுவதைப் பல மழைக்காலம் பாராதிருந்து, வாடகையை உயர்த்த மட்டும் ஆள் அனுப்பி, போக்கிடமில்லாத முதியவள் ஒருத்தியைத் தெய்வத்தின் பெயரால் தெருவில் நிறுத்துவது தர்மமாகுமா? ஆகாது என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. பிறர் பொருளைக் கையில் வைத்திருப்பவனுக்கு அப்பொருளைக் கொண்டு தான் தாராளம் காட்ட அதிகாரமில்லை. 5 வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குக் கமிஷனரின் அனுமதி வேண்டுமென்று 1959-ஆம் வருஷத்து அறநிலையச் சட்டம் விதித்திருப்பதும் இந்த அச்சத்தினாலேயே.

முடிச்சு அவிழ்வது, அச்சொத்து எதற்காக வந்தது என்று பார்க்கும்போதுதான். நிலமும் மனையும் எழுதிவைத்த முன்னோர் அபிஷேகத்துக்கு மட்டும் எழுதிவைக்கவில்லை. அன்னதானத்துக்கும், வழிப்போக்கர் தங்கும் சத்திரத்துக்கும், தண்ணீர்ப்பந்தலுக்கும் கட்டளைகள் ஏற்படுத்தினார்கள். ஆகவே பசித்தவனுக்குச் சோறும் அலைந்தவனுக்கு நிழலும் தருவது அதிகாரியின் தாராளமன்று, அந்தச் சொத்தின் பிரயோஜனங்களுள் ஒன்றே. வியாபாரம் செய்கிற கடைக்காரரிடம் ஊர் நிலவரப்படி முழு வாடகையையும் கேட்பதும், வேறு கதியில்லாத குடும்பத்துக்குத் தாங்கக்கூடிய வாடகையை விதிப்பதும், என் அபிப்பிராயத்தில், ஒரே கடமையின் இரு செயல்கள். வாடகையை உயர்த்தும் உத்தரவைக் கொண்டுவருகிற அதிகாரி, சென்ற வருஷத்து வாடகை எந்தக் கட்டளைக்கு எவ்வளவு சென்றது என்ற கணக்கையும் அதே கையால் குடியிருப்பவரிடம் கொடுக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் பாத்தியதை, ஒழுங்காக வாடகை கட்டிய ஒவ்வொருவருக்கும் உண்டு.