ஊகம் எதுவரை?

இரத்தத்தில் கிருமி பரவி நோயாளி துடிக்கிறான். எந்தக் கிருமி? தெரியாது. எந்த மருந்துக்கு மசியும்? அதுவும் தெரியாது. காத்திருந்தால் உயிர் போகும். எனவே ஊகத்தால் வலிய மருந்தைச் செலுத்துகிறார் மருத்துவர். குற்றமா? அன்று, கடமை!

ஆனால் அவ்வூகம் நாள்கணக்கில் நீடித்தால்? எளிய கிருமிகள் மாள, மசியாதவை எஞ்சிப் பெருகும். நாளை வருபவனைக் கொல்லும். பெனிசிலினைக் கண்ட பிளெமிங்கே 1945-இல் தமது நோபல் உரையில் எச்சரித்தார். கேட்டோமா? மருந்துக்கு மசியாக் கிருமிகளால் 2019-இல் உலகில் 12.7 இலட்சம் பேர் மாண்டனர் என்பது ஆய்வாளர் கணிப்பு.

இன்றைய நோயாளியா, நாளைய நோயாளியா? மருத்துவம் பயின்றோம் அல்லோம் நாம். ஆயினும் அறம் எல்லார்க்கும் பொதுவன்றோ?

அறிவியல் வழி காட்டுகிறது. குருதியை வளர்ப்பூடகத்தில் இட்டு, கிருமி தலைகாட்டிய பின்னும், அதன் இயல்பு முழுதும் அறிய மேலும் இரண்டொரு நாள் ஆகும். விரைவு மரபணுச் சோதனையோ, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கிருமியின் பெயரையும், மெத்திசிலினுக்கு மசியாமை தரும் ‘மெக்-ஏ’ போன்ற மரபணுவையும் காட்டிவிடும். எல்லா எதிர்ப்பையும் அது காணாது. பழைய சோதனையும் தொடரவேண்டும். தன் எல்லையைத் தானே கூறுவது அறிவியலின் பெருமை!

தோழர்களே! விடை வந்தும் மருந்தை மாற்றாவிடில் சோதனை எதற்கு? செல்வனுக்கு விடை, ஏழைக்கு ஊகம் என்பது எந்த நீதி? அறிய வழியில்லாதபோது ஊகித்தது கடமை. வழியிருந்தும் ஊகித்துக்கொண்டே இருப்பது குற்றம்!