கைதட்டலுக்கு வெளியே நின்றவர்கள்

1938 செப்டம்பர் 30ஆம் தேதி மாலை, மியூனிக் மாநாட்டை முடித்துக்கொண்டு ஹெஸ்டன் விமான நிலையத்தில் வந்திறங்கிய பிரிட்டிஷ் பிரதமர் நெவில் சேம்பர்லின், கையிலிருந்த ஒரு தாளைக் கூட்டத்துக்கு உயர்த்திக் காட்டினார். இரு நாட்டு மக்களும் இனி ஒருவரோடொருவர் போரிட விரும்பவில்லை என்று சொன்ன அந்தத் தாளில் ஹிட்லரின் கையெழுத்து இருந்தது. பக்கிங்ஹாம் அரண்மனை வரை வழியெல்லாம் மக்கள். மன்னரும் அரசியும் அவரைத் தங்கள் மாடத்துக்கே அழைத்துச் சென்று நிறுத்தினார்கள். அடுத்த நாட்களில் டவுனிங் தெருவில் கடிதங்களும் பூக்களும் வந்து குவிந்தன. அவருடைய அடையாளமாகவே ஆகிவிட்ட குடையை வாங்கிப் பரிசாக அனுப்பியவர்களும் உண்டு.

அதே நாளில் அதே மாநாட்டிலிருந்து பாரிஸுக்குத் திரும்பினார் பிரெஞ்சுப் பிரதமர் எதுவார் தலாதியே. லெ பூர்ஜே விமான நிலையத்தில் திரண்டிருந்த கூட்டத்தைக் கண்டதும், தம்மைத் தாக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று அவர் அஞ்சினார். வந்தவர்களோ வாழ்த்தினார்கள். எதில் கையெழுத்திட்டுவிட்டு வருகிறோம் என்பது அவருக்குத் தெரியும். அதனால் அந்த வாழ்த்து அவரை நிம்மதிப்படுத்தவில்லை, மனம் கசந்துபோகச் செய்தது.

முடிவு தெரிந்த பிறகு பிறந்த நமக்கு அந்தக் கூட்டங்களைப் பார்த்து ஏளனம் செய்வது எளிது. ஓர் ஆண்டுக்குள் போர் வந்துவிட்டது என்பது நமக்குத் தெரியும். ஆனால் அந்த வாரத்தில் லண்டன் ஹைட் பூங்காவில் பதுங்குகுழிகள் வெட்டப்பட்டிருந்தன. நாடெங்கும் சுமார் 3.8 கோடி விஷவாயு முகமூடிகள் வழங்கப்பட்டிருந்தன. பிள்ளையின் முகத்தில் அந்த ரப்பர் முகமூடியைப் பொருத்திப் பார்த்து, வார்களைச் சரிசெய்து, மூச்சு விட முடிகிறதா என்று கேட்ட ஒரு தாயை நினைத்துப் பார்ப்போம். முந்தைய உலகப் போர் முடிந்து 20 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதில் பிரிட்டன் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களையும், பிரான்ஸ் 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களையும் இழந்திருந்தன. அந்தத் தாயின் அண்ணனோ தகப்பனோ அவர்களில் ஒருவராக இருந்திருக்கலாம். மறுநாள் குண்டு விழாது என்று கேட்டதும் அவள் தெருவுக்கு ஓடி வந்து கையசைத்தாள் என்றால், அந்தக் கையைத் தட்டிவிட நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

எதிரி நாட்டின் வீதிகளிலும் மனநிலை வேறாக இருக்கவில்லை. செப்டம்பர் 27 அன்று போர் ஆவேசத்தை மூட்டுவதற்காக பெர்லின் நகரின் நடுவே மோட்டார் படையணி ஒன்றை ஹிட்லர் ஓடவிட்டார். மக்கள் பேசாமல் பார்த்துவிட்டு விலகிப் போனார்கள். இரண்டு நாள் கழித்து மியூனிக் தெருக்களிலோ அதே ஜெர்மானியர்கள் சேம்பர்லினுக்கு ஆரவாரம் செய்தார்கள். சாதாரண மனிதர்கள் எங்கும் போரை வெறுக்கிறார்கள் என்ற ஆறுதலோடு இந்தக் கதையை முடித்துக்கொள்ள நம் மனம் விரும்பும். அது உண்மையும்கூட. ஆனால் அந்த ஆறுதலில் தங்கிவிட்டால், இன்னொரு நகரம் நம் கண்ணில் படாமலே போய்விடும்.

யாருடைய மண்ணைப் பற்றிப் பேச்சு நடந்ததோ அந்தச் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு மியூனிக் மாநாட்டில் நாற்காலி இல்லை. வரவழைக்கப்பட்ட அதன் பிரதிநிதிகள் இருவர் ஒரு விடுதி அறையில், ஜெர்மன் ரகசியப் போலீசின் காவலில் வைக்கப்பட்டார்கள். பின்னிரவில், ஹிட்லரும் முசோலினியும் கலைந்து சென்ற பிறகு, அவர்களைக் கூப்பிட்டு வரைபடத்தோடு ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்தார்கள். சூடட்டன் எல்லைப் பகுதிகளையும், அவற்றோடு அந்நாட்டின் மலைக் கோட்டைகளையும் அக்டோபர் 1 முதல் 10க்குள் ஜெர்மனியிடம் ஒப்படைத்துவிட வேண்டும். இருவரில் ஒருவரான ஹூபர்ட் மசார்ஜீக் பின்னர் தந்த விவரத்தில் ஒரு சிறு குறிப்பு இருக்கிறது: தாங்கள் அதைப் படித்துக்கொண்டிருந்தபோது சேம்பர்லின் ஓயாமல் கொட்டாவி விட்டார் என்பது. அவர்களிடமிருந்து பதில் எதிர்பார்க்கப்படவில்லை. ஒரு வாரத்துக்கு முன் படைதிரட்டல் ஆணை வந்தபோது லட்சக்கணக்கானோர் எல்லைக்கு விரைந்திருந்த அந்நாட்டின் மக்கள், மறுநாள் பிராக் நகரின் வீதிகளில் வெளிப்படையாக அழுதார்கள்.

அந்தக் கொட்டாவியில் கொடுமை ஏதும் இல்லை. அது 69 வயது மனிதர் ஒருவரின் களைப்பு, அவ்வளவுதான். ஆனாலும் என்னால் அதைக் கடந்துபோக முடியவில்லை. பிறர் இழப்பதை நம் சமாதானத்துக்கான விலையாக வைக்கும்போது, அதை எடுத்துக் கொடுக்கும் கைக்குக் கனம் தெரிவதில்லை. சில நாட்களுக்கு முன் வானொலியில் பேசிய அவர், தொலைதூர நாடு ஒன்றில், நாம் ஏதும் அறியாத மக்களுக்கிடையே எழுந்த தகராறுக்காக நாம் பதுங்குகுழி வெட்டுவதா என்று வியந்திருந்தார். தூரம் என்பது அங்கே ஒரு நீதியாகவே ஆகிவிட்டது. அடிமைப்பட்ட நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இது வேறுவிதமாகப் பட்டது. அந்த ஆகஸ்டில் பிராகுக்கு நேரில் போய் வந்திருந்த ஜவஹர்லால் நேரு பிரிட்டனின் போக்கைக் கடுமையாகக் கண்டித்தார். தன் நாட்டின் விதியை வேறெங்கோ, வேறு யாரோ எழுதுவது எப்படி இருக்கும் என்பதை ஓர் இந்தியருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கைதட்டிய அந்த மக்கள் எதிர்காலத்தை அறியாதவர்கள் என்ற வாதம் முழுவதும் நியாயமானது. 1939 மார்ச் 15 அன்று ஜெர்மன் படைகள் பிராகுக்குள் நுழையும் என்பதையோ, ஸ்கோடா ஆயுதத் தொழிற்சாலை அப்படியே ஹிட்லரின் கைக்குப் போகும் என்பதையோ அவர்கள் எப்படிக் கண்டிருக்க முடியும்? ஆனால் நாற்காலி ஒன்று காலியாக இருந்தது என்பதை அறிய ஞானதிருஷ்டி தேவைப்படவில்லை. அது அன்றைய செய்தித்தாளிலேயே இருந்தது. பொதுமக்களின் உணர்ச்சியை நாம் எடைபோடுவதானால், அவர்களால் காண முடியாத நாளையை வைத்து எடைபோடக் கூடாது; கண்முன் கிடந்ததைப் பார்த்தார்களா, பார்க்காதிருக்கத் தங்களைப் பழக்கிக்கொண்டார்களா என்பதை வைத்தே எடைபோட வேண்டும். செக் மக்களைக் கைவிடாதீர்கள் என்று செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் லண்டன் தெருக்களில் குரல் எழுப்பியவர்கள் பலர். முகமூடி வீட்டுக்கு வந்ததும் அந்தக் குரல்களில் பெரும்பாலானவை தணிந்தன. நல்லெண்ணம் குறைந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அச்சம் வந்து கண்ணின் எல்லையை வீட்டு வாசலோடு நிறுத்திவிட்டது.

உலக நிகழ்வுகளுக்கு நாம் காட்டும் உணர்ச்சி, நிகழ்ச்சி முடிந்த பிறகு அதற்கு வெளியே எழும் எதிரொலி என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அது அப்படி வெளியே நிற்பதில்லை. பெர்லின் மக்களின் மௌனத்தை ஹிட்லர் படித்தார். அதைத் தடையாக உணர்ந்தார். நவம்பர் 10 அன்று பத்திரிகைக்காரர்களைத் தனியே கூட்டி, இத்தனை ஆண்டுகள் தாம் சமாதானம் பேச நேர்ந்ததால் மக்கள் அதை நம்பிவிட்டார்கள், இனி அவர்கள் மனத்தைப் போருக்கு மாற்றியாக வேண்டும் என்று பேசினார். லண்டன் மக்களின் ஆரவாரத்தைச் சேம்பர்லினும் படித்தார். அதைச் சான்றாக எடுத்துக்கொண்டார். அந்த ஒரு வாரத்து உணர்ச்சியின் பலத்தில் நாடாளுமன்றம் 366க்கு 144 என்ற கணக்கில் அவருடைய செயலை ஏற்றது. சர்வாதிகாரி தன் மக்களின் விருப்பமின்மையைக் கண்டு அதை உடைக்க முற்பட்டதும், ஜனநாயகத் தலைவர் தன் மக்களின் நிம்மதியைக் கண்டு அதில் சாய்ந்துகொண்டதும், வெறும் பார்வையாளர்கள் என்று தங்களை நினைத்துக்கொண்ட கோடிக்கணக்கானோரின் முகபாவமே, அவர்கள் அறியாமல், வரலாறு தன் அடுத்த வரியை எழுதிக்கொண்ட தாளாக இருந்தது என்பதையே காட்டுகின்றன.

அப்படியானால் அந்தத் தாய் என்ன செய்திருக்க வேண்டும்? மகிழக் கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரெஞ்சு சோஷலிஸ்ட் தலைவர் லியோன் ப்ளூம் அந்தச் செப்டம்பரிலேயே, விட்டுக்கொடுக்கும் திட்டம் வெளியானபோது, தாம் கோழைத்தனமான நிம்மதிக்கும் வெட்கத்துக்கும் நடுவே பிளவுபட்டிருப்பதாக எழுதினார். போர் தவிர்க்கப்பட்டதை அவர் மறுக்கவில்லை. அதைத் தவிர்த்த விதத்தால் தம்மால் மகிழ முடியவில்லை என்றார். நிம்மதி உடலின் உரிமை. அதை யாரும் பறிக்க வேண்டாம். அதன் பக்கத்தில் வெட்கத்துக்கும் ஓர் இடம் ஒதுக்கத் தெரிந்த மனம்தான், தன் வீடு தப்பித்த அதே இரவில் யாருடைய வீடு கைமாறியது என்று கேட்கும்; கேட்டபின் சும்மா இருக்காது.

அப்படிச் சும்மா இருக்க முடியாத சிலர் பிரிட்டனிலும் இருந்தார்கள். லண்டன் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்பித்த டோரீன் வாரினர் அந்த அக்டோபரிலேயே பிராகுக்கு விமானம் ஏறினார். எல்லைப் பகுதிகளிலிருந்து துரத்தப்பட்டு வந்து குவிந்தவர்களை, குறிப்பாக நாஜிகளை எதிர்த்து நின்றதால் உயிருக்கு ஆபத்தில் இருந்தவர்களை, வெளியேற்றும் வேலையில் இறங்கினார். டிசம்பரில் நிக்கோலஸ் விண்டன் என்ற 29 வயதுப் பங்குத் தரகர் பனிச்சறுக்கு விடுமுறையைக் கைவிட்டு அங்கே போனார். அவரும் உடனிருந்தவர்களும் சேர்ந்து, பெரும்பாலும் யூதர்களான 669 குழந்தைகளைப் போர் தொடங்கும் முன் ரயிலேற்றி பிரிட்டனுக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் 50 பவுன் பிணைத்தொகை கட்ட வேண்டும், ஏற்று வளர்க்க ஒரு குடும்பம் முன்வர வேண்டும் என்பது அரசின் விதி. அந்தக் குடும்பங்களைத் தேடி அவர்கள் விளம்பரம் கொடுத்தார்கள். முன்பின் அறியாத தொலைதூர நாட்டின் பிள்ளைகளை எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள் என்று பதில் எழுதியவர்களும் அதே பிரிட்டனின் சாதாரண மக்கள்தான்.