சுட்டவர் சொன்னது

கும்மிடிப்பூண்டி தாண்டி எளாவூர், ஆரம்பாக்கம் என்று போகும் ரயிலில், சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்களின் பேச்சில் ஒரு வாக்கியம் அடிக்கடி வந்து விழும்: "நான் செய்யலைன்னா வேற ஒருத்தன் செய்யப்போறான்." என்ன செய்தார் என்று யாரும் சொல்வதில்லை. நடக்காத சோதனையை நடந்ததாகப் பதிவேட்டில் எழுதியிருக்கலாம். மேலிருந்து விழுந்த ஒப்பந்தத் தொழிலாளி பெல்ட் போடவில்லை என்று சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். வாக்கியம் பொய்யில்லை, வேறொருவர் செய்திருப்பார்தான். உண்மையாக இருந்தும் அது ஏன் தூக்கம் தருவதில்லை?

வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க மனநல மருத்துவர் ஜோனதன் ஷே, அவர்களை வதைத்தது உயிர்ப்பயம் மட்டுமல்ல என்று கண்டார். அறத்தில் பட்ட காயம் என்று அதைச் சொல்லலாம். பயந்தவனிடம் ஆபத்து போய்விட்டது எனலாம். செய்தவனிடம்? "விடுப்பா, உன் தப்பில்ல" என்றால் நம்பமாட்டான். நம்பாததை நோய் என்று நான் நினைக்கவில்லை. அவனுக்குள் கெடாமல் மிச்சமிருப்பது அதுதான். 'உன்னை நீயே மன்னித்துக்கொள்' என்று இப்போது தாராளமாகக் கிடைக்கும் ஆறுதலில் எனக்குச் சந்தேகம் வருவதும் இதனால்தான். பட்டவன் எங்கோ இருக்க, மன்னிப்பை நாமே கொடுத்து நாமே வாங்கிக்கொள்வதா?

சிலப்பதிகாரப் பாண்டியன் தவறு தெரிந்ததும் அரியணையிலேயே உயிர் விட்டான். காவியத்துக்குச் சரி. மறுநாள் காலை ஷிஃப்டுக்குப் போகவேண்டியவனுக்கு அதில் வழி இல்லை. அசோகன் உயிரோடிருந்து வருந்தியவன். கலிங்கப் போருக்காக அவன் வருந்தும் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டு பல இடங்களில் இருக்கிறது. கலிங்கத்திலேயே உள்ள தௌலியிலும் ஜௌகடாவிலும் அது இல்லை. அங்கே வேறு ஆணைகளைப் பொறித்திருக்கிறார்கள். அரசியல் காரணம் இருக்கலாம். ஆனாலும் அடிபட்டவர்களைத் தவிர மற்றவர்களிடம் சொல்லப்பட்ட வருத்தமாகவே அது நிற்கிறது.

1970 பிப்ரவரி 18 அன்று வயநாட்டின் திருநெல்லிக் காட்டில் நக்சலைட் தலைவர் வர்கீஸ் கொல்லப்பட்டார். மோதலில் செத்தார் என்றது போலீஸ். 28 ஆண்டுகள் கழித்து, 1998இல், மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் முன்னாள் காவலர் ராமச்சந்திரன் நாயர் வெளிப்படையாகச் சொன்னார்: பிடிபட்டுக் கைவசம் இருந்தவரை, மேலதிகாரியின் உத்தரவில், சுட்டது நான். மறுத்தால் தன்னையும் மோதலில் செத்தவனாகக் கணக்கெழுதிவிடுவதாக மிரட்டினார்கள் என்றும் சொன்னார்.

ரயிலில் கேட்கும் சாக்கைவிட எத்தனையோ மடங்கு வலுவான சாக்கு அது. அதற்குள்ளேயே அவர் முடங்கிக் கிடந்திருக்கலாம். யாரும் தேடி வந்திருக்கப்போவதில்லை. 28 ஆண்டு தாமதம் சின்ன விஷயமில்லைதான். சொன்னபின் அவருக்கு நிம்மதி வந்ததா என்பதும் என் கேள்வியில்லை. அந்த ரகசியத்தைக் குற்ற உணர்ச்சியாகச் சுமந்தவரையில் அது அவருடைய சொந்த வேதனை. வெளியே வைத்ததும் சாட்சியமாயிற்று. சுட்டவர் என்பதாலேயே அவரால் மட்டும் தரமுடிந்த சாட்சியம். செத்தவருக்கு அவர் திருப்பிக் கொடுக்க முடிந்ததும் அது ஒன்றுதான்.

கேரள உயர் நீதிமன்றம் விசாரணையை சிபிஐயிடம் ஒப்படைத்தது. உத்தரவிட்டதாக நாயர் சொன்ன அதிகாரி லட்சுமணா ஐஜியாக ஓய்வு பெற்றிருந்தார். 2010 அக்டோபரில் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. நாயர் 2006இலேயே இறந்துவிட்டார். அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களின் வரிசையில் முதல் பெயர் அவருடையது.